எங்கள் இருவருக்கும் நல்ல சம்பளம். ஆட்டிசம் உள்ள மகனுக்கு அமெரிக்காவில் மெடிகெய்ட் (குறைந்த வருமானத்தாருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அரசு தரும் மருத்துவக் காப்பீடு) கேட்டால் கிடைக்குமா?

கிடைக்கும். உங்கள் சம்பளச் சீட்டை ஓரமாக வைத்துவிட்டு, பையன் பெயரில் வங்கியில் எவ்வளவு கிடக்கிறது என்று முதலில் போய்ப் பாருங்கள். அதைப் பார்க்காமல் போய் மூக்குடைபட்டவன் நான். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் கேட்ட விதத்தைப் பார்த்தால் பையனுக்குப் பதினாறு பதினேழு வயது இருக்கும். அலுவலக இன்சூரன்ஸ் நன்றாகவே இருக்கும். "நமக்கெல்லாம் சர்க்கார் உதவி எதற்கு" என்று இத்தனை வருடம் ஓட்டியிருப்பீர்கள். நாங்களும் அப்படித்தான் ஓட்டினோம். நாங்கள் இருப்பது நியூ ஜெர்சி, பையன் இங்கேயே பிறந்தவன். உங்கள் மாநிலம் வேறு என்றால் கதையில் பாதி மாறும். நான் வக்கீல் இல்லை, கணக்காளரும் இல்லை. "இந்த விதியில் நாலாவது உட்பிரிவு அப்படிச் சொல்லவில்லையே" என்று வருகிறவர்களுக்கு இப்போதே ஒரு கும்பிடு.

இன்சூரன்ஸ் இருக்கும்போது மெடிகெய்ட் எதற்கு என்று என் மைத்துனரே கேட்டார். அலுவலக இன்சூரன்ஸ் டாக்டருக்கும் மருந்துக்கும் கொடுக்கும். பகல் நேர மையம், வேலை செய்யும் இடத்தில் கூடவே நின்று பழக்கிவிடும் ஆள், குளிக்கவும் உடுத்தவும் துணைக்கு வரும் ஆள், இவற்றுக்கு அது கொடுக்காது. நியூ ஜெர்சியில் 21 வயதோடு பள்ளிக்கூடப் பேருந்து வருவது நின்றுவிடும். அதன்பிறகு பெரியவர்களுக்கான மாற்றுத்திறனாளிச் சேவை வேண்டுமென்றால் கையில் மெடிகெய்ட் இருந்தாக வேண்டும். நீங்கள் கோடீஸ்வரராக இருந்தாலும் சரி. நாளைக்கு நாமிருவரும் இல்லாதபோது அவனைப் பார்த்துக்கொள்ளும் கட்டமைப்பு முழுக்க அந்த ஒரு அட்டையில்தான் தொங்குகிறது.

இனி வருமானத்துக்கு வருகிறேன். பிள்ளைக்கு 18 ஆகும்வரை பெற்றோர் வருமானத்தையும் சொத்தையும் பிள்ளையின் கணக்கில் ஏற்றித்தான் பார்ப்பார்கள். ஆகையால் நம்மைப் போன்றவர்களுக்கு வாசல் சாத்தித்தான் இருக்கும். எல்லா மாநிலத்திலும் அப்படியில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். டெலவேர் ஆற்றைத் தாண்டினால் பென்சில்வேனியா. அங்கே இருக்கிற என் அத்தை மகளின் பெண்ணுக்கு மூன்று வயதிலிருந்தே மெடிகெய்ட் உண்டு. குறைபாடு கடுமையாக இருந்தால் பெற்றோர் வருமானத்தைக் கணக்கிலேயே எடுக்காத ஒரு பிரிவு அந்த மாநிலத்தில் இருக்கிறது. ஒரே குடும்பம், ஒரே மாதிரிச் சம்பளம், நடுவில் ஒரு ஆறு.

அந்த வழி பிறந்த கதை பலருக்குத் தெரியாது. அயோவா மாநிலத்தில் கேட்டி பெக்கெட் என்ற குழந்தை மூளைக்காய்ச்சல் வந்து மூச்சுக்கருவியோடு மருத்துவமனையிலேயே வளர்ந்தாள். வீட்டுக்குக் கூட்டிப்போனால் பெற்றோர் வருமானம் கணக்கில் ஏறி மெடிகெய்ட் நின்றுவிடும். மருத்துவமனையில் வைத்திருந்தால் பல மடங்கு செலவை அரசே ஏற்கும். 1981இல் அதிபர் ரீகனே இந்தக் கூத்தைப் பத்திரிகையாளர்களிடம் எடுத்துச் சொன்னார். 1982இல் சட்டம் மாறியது. ஆனால் மாநிலங்கள் விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். அதனால்தான் இந்த ஆற்றுக்கரை வித்தியாசம்.

18 முடிந்த அடுத்த மாதத்திலிருந்து உங்கள் சம்பளம் அவன் கணக்கில் ஏறாது. அவனுடைய வருமானம், அவனுடைய சொத்து மட்டும்தான். எஸ்எஸ்ஐ என்கிற, வசதியில்லாத மாற்றுத்திறனாளிகளுக்கு மத்திய அரசு தரும் மாதாந்திர உதவித்தொகைக்கு விண்ணப்பித்து அது கிடைத்துவிட்டால், எங்கள் மாநிலத்தில் மெடிகெய்ட் தானாகவே கூட வந்துவிடும். எஸ்எஸ்ஐ ஒரு டாலர் வந்தாலும் போதும். எனக்கு அந்தப் பணம் முக்கியமில்லை, அது ஒரு சாவி. இதை இரண்டு முறை படியுங்கள், பின்னால் தேவைப்படும்.

எஸ்எஸ்ஐக்குச் சொத்து வரம்பு 2,000 டாலர். கணவன் மனைவி என்றால் 3,000. இந்த எண் 1989இலிருந்து அசையவில்லை. அன்றைக்கும் 2,000, இன்றைக்கும் 2,000. பிறந்த நாளிலிருந்து நாங்கள் அவன் பெயரில் குருவி சேர்ப்பதுபோலச் சேர்த்து வைத்தது 7,850 டாலர். கொலுவுக்கு வந்தவர்கள் கொடுத்தது, பிறந்தநாளுக்கு வந்தது, பெரியப்பா ஊருக்குக் கிளம்பும்போது சட்டைப்பையில் செருகிய 20 டாலர், எல்லாம் அதில்தான் போட்டோம். கணக்கு அவன் பெயரிலும் என் பெயரிலும் சேர்ந்து இருந்தது. "பாதி என்னுடையது" என்று நான் சொல்லிப் பார்த்தேன். கூட்டுக் கணக்கு என்றால் முழுப் பணமும் விண்ணப்பித்தவருடையது என்றுதான் எடுத்த எடுப்பில் கொள்வார்கள். இல்லையென்றால் நாம்தான் நிரூபிக்க வேண்டும். நான் போட்டது எது, ஊர் கொடுத்தது எது என்று 18 வருடத்துக்கு யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்?

போதாததற்கு, அப்பா ஊரில் பேரன் பெயரில் 2 லட்சம் ரூபாய் ஃபிக்ஸட் டெபாசிட் போட்டிருந்தார். கடல் தாண்டி இருந்தாலும் சொத்து சொத்துதான். எஸ்எஸ்ஐ நேர்காணலில் கேட்டார்கள், சொன்னேன். "அதையெல்லாம் எதற்குச் சொன்னாய், அவர்களுக்கு எப்படித் தெரியப்போகிறது" என்று இன்றுவரை என்னைத் திட்டுகிறவர்கள் உண்டு. பையன் பெயரில் பொய்க் கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை. மாட்டிக்கொண்டால் திருப்பிக் கட்டப்போவதும் அவன்தான்.

2023 மார்ச்சில் 18 முடிந்தது, ஏப்ரலில் போனோம், மே மாதம் நிராகரித்துக் கடிதம் வந்தது. அவனுக்கு என்ன குறை என்று படித்துக்கூடப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லை, சொத்து வரம்பிலேயே கதை முடிந்துவிட்டது. தப்பு முழுக்க என்னுடையது. அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு அன்றிரவு கணக்குப் பார்த்தேன். அவன் மேல் இருந்த பாசத்தை அவன் பெயரில் போட்டு வைத்ததுதான் அவனுக்குக் குறுக்கே நின்றிருக்கிறது.

உடனே நண்பர் ஒருவர், "பணத்தை உன் கணக்குக்கு மாற்றிவிட்டு மறுபடி போடு" என்றார். தயவுசெய்து செய்துவிடாதீர்கள். சொத்தைச் சும்மா தூக்கி இன்னொருவருக்குக் கொடுத்தால் 36 மாதம் வரை எஸ்எஸ்ஐயை நிறுத்தி வைக்க விதி இருக்கிறது. அவனுக்காகவே, நியாயமான விலைக்குச் செலவு செய்யலாம். புதுக் கட்டில், மடிக்கணினி, தள்ளிக்கொண்டே வந்த பல் வைத்தியம் என்று ஒரு பகுதி போனது. எல்லா ரசீதும் இன்னும் கோப்பில் இருக்கிறது. மீதியையும், ஊர் டெபாசிட்டை உடைத்து வந்ததையும் ஏபிள் என்கிற, மாற்றுத்திறனாளிகளுக்கான சேமிப்புக் கணக்கில் போட்டோம். 2014இல் வந்த சட்டத்தில் பிறந்த கணக்கு அது. குறைபாடு 26 வயதுக்கு முன் தொடங்கியவர்களுக்கு என்று இருந்தது, 2026 ஜனவரியிலிருந்து 46 ஆக்கியிருக்கிறார்கள். அதில் 1,00,000 டாலர் வரை எஸ்எஸ்ஐ கண்ணை மூடிக்கொள்ளும். ஆண்டுக்கு இவ்வளவுதான் போடலாம் என்று உச்சவரம்பு உண்டு, அப்போது 17,000. ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி பிறக்கும் கணத்தில் கையிருப்பு என்ன என்பதுதான் கணக்கு. ஆகவே 31ஆம் தேதி ராத்திரி வங்கிச் செயலியைத் திறந்து பார்ப்பது இந்த வீட்டில் ஒரு சடங்காகிவிட்டது.

அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னபோது ஃபோனில் ரொம்ப நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்ப பேரனுக்கு நான் ஒண்ணும் செய்யக்கூடாதாடா?" என்றார். செய்யலாம், அவன் கைக்கு வராமல் செய்ய வேண்டும். அதற்கென்றே தனி டிரஸ்ட் இருக்கிறது. தாத்தா, பாட்டி, நாம் எழுதி வைப்பதெல்லாம் நேராக அதற்குள் போய்விட்டால் அவனுடைய சொத்தாகக் கணக்கில் வராது. அவனுடைய சொந்தப் பணத்தைப் போட்டு உண்டாக்கும் டிரஸ்ட் வேறு வகை. அதில் மிஞ்சுவதை அவன் காலத்துக்குப் பிறகு மெடிகெய்ட் செலவுக்காக மாநிலம் எடுத்துக்கொள்ளும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இதற்கு மட்டும் வக்கீலுக்குக் காசு கொடுங்கள். உயிலில் நேராக அவன் பெயரை எழுதிவிட்டு, நல்லது செய்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கிறவர்கள் நம்மவர்களில் நிறையப் பேர்.

ஜூனில் மறுபடி விண்ணப்பித்தோம், நவம்பரில் வந்தது. அட்டை கையில் வந்த அன்று மனைவி அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். கேலியாக எழுதவில்லை.

எஸ்எஸ்ஐ இல்லாமல் நேராக மெடிகெய்ட் வாங்க முடியாதா என்றும் கேட்பீர்கள். ஒபாமா காலத்துச் சட்டத்தின்படி மெடிகெய்ட்டை விரிவாக்கிய மாநிலங்களில் வறுமைக்கோட்டின் 138 சதவீதத்துக்குள் வருமானம் இருந்தால் போதும், சொத்தைப் பார்ப்பதில்லை. எங்கள் மாநிலமும் விரிவாக்கியதுதான். ஆனால் வருமான வரியில் நீங்கள் அவனை உங்களைச் சார்ந்தவராகக் காட்டினால் அந்தக் கணக்கில் உங்கள் சம்பளமும் சேர்ந்துகொள்ளும். கிரீன் கார்டு பிள்ளை என்றால் இன்னொரு தடை: ஐந்து வருடக் காத்திருப்பு, அதோடு எஸ்எஸ்ஐக்கு 40 காலாண்டு உழைப்பு. அவனுக்கு 18 ஆவதற்குள் நீங்கள் உழைத்த காலாண்டுகளையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆகவே பத்து வருடம் இங்கே வரி கட்டியிருந்தால் மனம் தளர வேண்டாம்.

அவன் வேலைக்குப் போனால் எல்லாம் போய்விடும் என்று பயந்து வீட்டிலேயே உட்கார வைத்திருக்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும். கணக்கு அவ்வளவு மோசமில்லை. சம்பளத்தில் முதல் 85 டாலரைத் தள்ளிவிட்டு, மிச்சத்தில் பாதியைத்தான் வருமானமாக எடுக்கிறார்கள். மாதம் 585 சம்பாதித்தால் எஸ்எஸ்ஐயில் 250 குறையும், அவ்வளவுதான். சம்பளம் ஏறி ஏறி எஸ்எஸ்ஐ பூஜ்யமானாலும், மாநிலத்துக்கு மாநிலம் மாறும் ஓர் எல்லைவரை மெடிகெய்ட் தொடர வழி இருக்கிறது. நாம் ஓய்வு பெற்றபின் நம் அரசு ஓய்வூதியக் கணக்கிலிருந்து அவனுக்கு ஒரு தொகை வரும். அதனால் எஸ்எஸ்ஐ நின்றாலும் மெடிகெய்ட்டைக் காப்பாற்றிக் கொடுக்க ஏற்பாடு உண்டு. கேட்டு வாங்க வேண்டும், தானாக நடக்கும் என்று இருந்துவிடாதீர்கள்.

"லட்சம் லட்சமாகச் சம்பாதிக்கிறவன் ஏழைகளின் பணத்தில் கை வைக்கலாமா?" இதை எங்கள் ஊர்த் தமிழர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் நேரடியாகவே போட்டார். சம்பாதிக்கிறவன் நான், விண்ணப்பித்தது அவன். அவனுக்கு 2,000 டாலருக்கு மேல் வைத்துக்கொள்ளவே உரிமையில்லை, இதைவிட ஏழை எப்படி இருப்பான்? அதே மனிதர் நடத்தும் தமிழ் வகுப்பில்தான் என் மகன் மூன்று மாதம் ஒரு பாட்டை வரிவரியாக மனப்பாடம் செய்தான். ஆண்டு விழா அன்று, "மேடையில் சத்தம் போட்டுவிட்டால் மற்ற பிள்ளைகள் கலைந்துவிடுவார்கள்" என்று பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். அவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தே முழுப் பாட்டையும் பாடினான், மேடையில் பிள்ளைகள் இரண்டாவது சரணத்தை மறந்து நின்றபோதும். நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வந்துவிட்டது, அழிக்க மனமில்லை.

கடைசியாக வாடகை. நேர்காணலில் அந்த அம்மா, நல்ல மாதிரிதான், "உங்கள் மகன் சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் உங்களுக்குப் பணம் தருகிறாரா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. "என் பிள்ளைக்குச் சோறு போட நான் காசு வாங்குவேனா?" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவர் ஏதோ தட்டினார். ஓசியில் சோறும் கூரையும் கிடைத்தால் உதவித்தொகையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுவார்கள். மத்திய அரசு கொடுக்க வேண்டிய 914 டாலர் 609 ஆனது. மெடிகெய்ட்டுக்கு அதனால் பாதகமில்லை, சாவி சாவிதான் என்று விட்டுவிட்டேன்.

2024 செப்டம்பர் 30இலிருந்து விதியைத் தளர்த்தினார்கள். சாப்பாட்டை இந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். உதவித்தொகையில் மூன்றில் ஒரு பங்கோடு 20 டாலர் சேர்த்து, அந்த அளவுக்காவது வாடகை என்று ஒப்பந்தம் இருந்தால் கழிக்க மாட்டார்கள். அந்த ஆண்டுக் கணக்குப்படி அது 334 டாலர் சொச்சம். நான் 350 என்று எழுதினேன். மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. "பெத்த புள்ளைகிட்ட வாடகையா?" என்பதற்கு மேல் அவளிடம் வாதம் இல்லை, என்னிடம் பதிலும் இல்லை. ஆனால் பையனுக்கு அது பிடித்துப்போய்விட்டது. ஒன்றாம் தேதி காலையில் என் அறைக் கதவைத் தட்டி, காசோலையை நீட்டி, ரசீது வாங்காமல் நகரமாட்டான். போன மாதம் ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "என் பாத்ரூம் குழாய் ஒழுகுது. வாடகை தரேன்ல, எப்ப சரி பண்ணுவீங்க?" என்றான். இன்னும் சரிசெய்யவில்லை. நாளை சனிக்கிழமை, செய்துவிட வேண்டும்.