வழக்கை மறைக்க வேண்டாம் தம்பி

தடப்பள்ளி வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் உங்கள்மேல் போட்ட வழக்கில் விடுதலை கிடைத்துவிட்டது, காவலர் வேலைக்கான சரிபார்ப்புப் படிவத்தில் எழுத வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் எழுதுங்கள். விசாரிக்க வருகிற ஏட்டு எப்படியும் ஸ்டேஷன் பதிவேட்டைப் புரட்டுவார். என் பெரியப்பா மகன், வழக்கு உண்டா என்று படிவம் கேட்கிற அந்த ஒரு கட்டத்தில் 'இல்லை' என்று எழுதியே வேலையை இழந்தான், எனக்கு இன்னும் ஆறவில்லை. மறைத்தால் அதற்காகவே நியமனத்தை ரத்து செய்யலாம் என்று 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது; அற்ப வழக்கென்றால் மன்னிக்கவும் இடம் வைத்தது. சொல்லிவிட்டாலும் வேலை உறுதியென்று இல்லை.

அப்புறம், தீர்ப்பு நகலின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். 'சந்தேகத்தின் பலன்' தந்து, அதாவது குற்றம் சந்தேகமில்லாமல் நிரூபிக்கப்படவில்லை என்று விடுதலை என்றிருந்தால், தமிழ்நாடு காவல் பணி விதிப்படி வழக்கில் தொடர்பு உள்ளதாகவே எடுத்துக்கொள்வார்கள். அப்படியிருந்தால் இந்த வாரமே வக்கீலைப் பாருங்கள்.