டியூட்டி முடிந்து வந்ததும் எரிந்து விழுகிறார்: என்ன செய்வது?

கேள்வி: என் மனைவி தனியார் மருத்துவமனையில் ஐசியூ நர்ஸ். வீட்டுக்கு வந்தால் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆறு வயது மகனிடம் எரிந்து விழுகிறார். ‘உட்கார்ந்து பேசலாம்’ என்றாலே சண்டைதான். (வாசகர், திருச்சி)

பதில்: நீங்கள் பேசக் கூப்பிடும் நேரம்தான் முதல் சிக்கல். மானிட்டர் அலாரத்துக்கும் உறவினர்களின் கோபத்துக்கும் முகம் சுளிக்காமல் ஈடுகொடுத்துவிட்டு வருபவருக்கு, வாசலில் கேட்கும் ‘ஏன் லேட்டு?’வும் இன்னொரு அலாரம்தான். அங்கே அடக்கிய எரிச்சல், காட்டினாலும் வேலை போகாத இடத்தில் வெடிக்கிறது. அவர் ஒதுங்க, நீங்கள் விடாமல் கேட்க, அவர் இன்னும் ஒதுங்குவார். அன்பு குறைந்துவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. இது ‘பர்ன்அவுட்’, அதாவது தீராத வேலை அழுத்தத்தால் வரும் களைப்பாக இருக்கலாம்.

வந்த முதல் அரை மணி நேரம் கேள்வியே வேண்டாம். குளியல், சாப்பாடு, தனிமை போதும். மகனுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்: ‘அம்மா குளிச்சுட்டு வந்ததும் உன்கூட விளையாடுவாங்க.’

‘நான் என்ன உதவி செய்யட்டும்?’ என்று கேட்பது உதவியாகாது. அதை யோசித்துச் சொல்லும் வேலையும் அவர் தலையில்தான் விழுகிறது. டிபன் பாக்ஸ், ஹோம்வொர்க், பள்ளி வாட்ஸ்அப் குரூப் மூன்றையும் முழுதாக நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். சில நாள் சொதப்பும், பரவாயில்லை.

நைட் டியூட்டி முடிந்து வரும் பகல் லீவு நாள் அல்ல. அறையை இருட்டாக்கி, காலிங் பெல்லை அணைத்துவிடுங்கள். ‘பகல் முழுக்கத் தூங்குறா’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். இரவு நன்றாகத் தூங்கி எழுந்த நாளில், ஒரே ஒரு விஷயத்தை மட்டும் 20 நிமிடம் பேசுங்கள். குரல் உயர்ந்தால் நிறுத்திவிட்டு, எத்தனை மணிக்குத் தொடர்வது என்று சொல்லிவிட்டு எழுந்திருங்கள்.

ஆனால் வீட்டை மட்டும் சரிசெய்தால் போதாது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலான ஐசிடி-11, பர்ன்அவுட்டை நோயாகக் கருதவில்லை. வேலை சார்ந்த நிலை என்றுதான் சொல்கிறது. ஆகவே தொடர் நைட் ஷிப்டைக் குறைக்கவோ, சில மாதம் வேறு வார்டுக்கு மாற்றவோ நர்சிங் சூப்பரின்டெண்டென்டிடம் எழுத்தில் கேட்கலாம். ஹீமோகுளோபின், தைராய்டு, பி12 அளவுகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இவற்றின் குறையும் இதே களைப்பைத் தரும்.

லீவு நாளிலும் எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரம் தாண்டினால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மனநல மருத்துவரைப் பாருங்கள். ‘இருந்து என்ன பயன்’ என்ற பேச்சு வந்தால் அன்றைக்கே அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு (டெலி மானஸ்) அழையுங்கள். 24 மணி நேர இலவச சேவை, தமிழில் பேசலாம்.