வாடிப்போன இகுவானாவைத் தேத்துறது எப்படி: கேள்வி பதில்

கண்ணாடித் தொட்டியில மாசக்கணக்கா கவனிப்பில்லாம கிடந்த பச்சை இகுவானாங்கிற பெரிய பல்லியை எடுத்துட்டு வந்த ராமநாதபுரம் கரைப்பக்கத்துக்காரங்க கேட்ட கேள்விகளும், அதுக்கான பதில்களும்.

உச்சிப்புளி: கண்ணு உள்ள போய், தோல் சுருங்கிக் கிடக்கு. கீரை வச்சாத் திரும்பிக்கூடப் பாக்கல. வாயைத் திறந்து ஊட்டிறவா அண்ணே?

ஊட்டாதீங்க தம்பி. இகுவானா இலையைப் பெருசா மெல்லாம விழுங்கிடும். பெருங்குடல்ல இருக்கிற நுண்ணுயிர்கள்தான் அதைப் புளிக்கவச்சுச் சத்தைப் பிரிக்குது. உடம்பு குளிர்ந்து, தண்ணி வத்திக் கிடக்குறப்ப திணிச்சா, உள்ள போனது செரிக்காம அப்படியே அழுகும். சூடு முதல்ல, தண்ணி ரெண்டாவது, கீரை கடைசி. இந்த வரிசையை மாத்தாதீங்க.

கூண்டோட ஒரு மூலையில குண்டு பல்பு போட்டு, அது படுக்குற இடம் 35 முதல் 38 டிகிரி வரைக்கும் இருக்கணும். எதிர்மூலை 27, 28 இருந்தாப் போதும். கையை வச்சுக் கணக்குப் போடாம ரெண்டு பக்கமும் தெர்மாமீட்டர் வைங்க. பல்பைச் சுத்தி கம்பிவலை கட்டாயம். நோஞ்சான் பிராணி சூட்டோட ஒட்டிக்கிட்டே கிடந்து வயித்தைப் பொசுக்கிக்கும்.

உடம்பு வெதுவெதுப்பானதும் அகலமான டப்பால 30 டிகிரி தண்ணி ஊத்தி விடுங்க. கைக்குழந்தைக்கு ஊத்துற தண்ணியைவிடச் சூடு கொஞ்சம் குறைவா இருக்கணும், ஆழம் முன்னங்கால் முட்டிக்கு மேல போகக் கூடாது. 20 நிமிஷம், காலைலயும் சாயங்காலமும். கூடவே இருங்க, பலம் இல்லாதது தலையைத் தொங்கப்போட்டு மூழ்கிடும். தண்ணிக்குள்ளயே வெளிக்குப் போகும், உடனே மாத்திடுங்க. கூட வர்ற வெள்ளைப் பகுதியைக் கவனிங்க: சுண்ணாம்புக் கட்டி மாதிரி இறுகியோ மஞ்சளாவோ இருந்தா இன்னும் தண்ணி பத்தலைன்னு அர்த்தம். அது இளகி வெள்ளையா வந்தப்புறம் கீரையை வைங்க. ரெண்டு மூணு நாள் இப்படிச் செஞ்சும் வாயே வைக்கலைன்னா டாக்டர்தான் ட்யூப் போட்டுக் கூழ் கொடுக்கணும்.

தங்கச்சிமடம்: எங்க போர் தண்ணி உப்பு. அதுல ஊறவைக்கலாமா? மூக்குல வெள்ளையா ஏதோ தெறிக்குது, சளியா?

கேன் தண்ணியே ஊத்துங்க, அது ஊறுறப்பவே குடிக்கும். மூக்குல தெறிக்கிறது சளி இல்ல, உப்பு. ரத்தத்துல மிஞ்சுற உப்பை மூக்குப் பக்கத்துச் சுரப்பி வழியாத் தும்மித் தள்ளுறது இகுவானாவோட வழக்கம். காய்ஞ்சா கண்ணாடியில பொடிப்பொடியா நிக்கும். வாயைத் திறந்து மூச்சு வாங்கி, நுரையும் வந்தாத்தான் சளி.

கீழக்கரை: உடம்பு எலும்புந்தோலுமா இருக்கு, ஆனா தொடை மட்டும் கொழுகொழுன்னு இருக்கே?

அது சதை இல்லைங்க, எலும்பு நோய். கீழ்த்தாடையை ரெண்டு பக்கமும் விரலால மெல்ல அமுக்கிப் பாருங்க. ரப்பர் மாதிரி வளைஞ்சா சந்தேகமே வேண்டாம். வெயில்ல இருக்கிற புற ஊதா பி கதிர் தோல்ல படலைன்னா வைட்டமின் டி3 உருவாகாது. அது இல்லாம குடல் கால்சியத்தை எடுக்காது. ரத்தத்துக்குத் தேவையான கால்சியத்தை உடம்பு எலும்புல இருந்தே உருவும், காலியான இடத்தை நார் வந்து அடைக்கும். அந்த வீக்கந்தான் உங்களுக்குக் கொழுகொழுன்னு தெரியுது.

கிளையெல்லாம் எடுத்துட்டுத் தரையோட தரையா வைங்க, ஏறி விழுந்தா முறியும். தூக்குறப்ப மார்புக்கும் இடுப்புக்கும் அடியில கை கொடுங்க. விரல் வெட்டிவெட்டித் துடிச்சா அன்னைக்கே டாக்டர்கிட்ட ஓடணும், கால்சியம் ஊசி அவர் கணக்குல போடுறது. பக்கத்துல ஊர்வன பாக்குறவர் இல்லைன்னா திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில விசாரிங்க.

மருந்தைவிட நம்ம கரையில சும்மா கிடைக்கிறது வெயில். கம்பிவலைக் கூண்டுல எட்டரை, ஒன்பது மணி வெயில்ல முதல்ல 15 நிமிஷம், போகப்போக ஒரு மணி நேரம். கூண்டுல பாதிக்கு ஓலை போட்டு நிழல் கட்டிடுங்க. வாயைப் பிளந்தா உடனே நிழலுக்கு. கண்ணாடித் தொட்டியோட வெயில்ல வச்சீங்கன்னா கதிரும் உள்ள வராது, பிராணியும் வெந்துடும். காக்காய், நாய் நெருங்காம கூண்டுக்குக் காவல் இருக்கணும். ஐப்பசி, கார்த்திகை மழைமூட்டத்துக்குப் புற ஊதா பி கதிர் தர்ற ட்யூப் லைட் வேணும். எரிஞ்சுக்கிட்டே இருந்தாலும் கதிர் குறைஞ்சுபோகும், அதனால வருஷத்துக்கு ஒருதடவையாவது மாத்திடுங்க.

மண்டபம்: என்ன கீரை? கருவாடு, முட்டை கொடுத்தா சீக்கிரம் தேறாதா?

கருவாடு கண்ணுலயே காட்டாதீங்க. இது முழுச் சைவம். புலால் புரதத்துல யூரிக் அமிலம் ஏறி, சிறுநீரகம் கெட்டு, மூட்டுல படியும். அகத்தியும் முருங்கையும் கால்சியத்துக்கு. அதோட செம்பருத்தி இலை, பூ, மல்பெரி இலை, துருவின பரங்கிக்காய். காம்பை நீக்கி, இகுவானாவோட ரெண்டு கண்ணுக்கு நடுவுல உள்ள அகலத்துக்கு மேல போகாம நறுக்குங்க. பாலக்கும் தண்டுக்கீரையும் அன்றாடத்துக்கு ஆகாது, அதுல இருக்கிற ஆக்சலேட் கால்சியத்தைப் பிடிச்சு வச்சுக்கும். வெள்ளரிக்காய் வெறும் தண்ணி. மேல பாஸ்பரஸ் கலக்காத கால்சியம் கார்பனேட் பொடி ஒரு சிட்டிகை. மனுஷங்க சாப்பிடுற டி3 மாத்திரையைக் குத்துமதிப்பா உடைச்சுப் போடாதீங்க, மிஞ்சினா ரத்தக்குழாய்லயே சுண்ணாம்பு படியும்.

தொண்டி: விரல்ல பழைய தோல் வளையமா இறுகியிருக்கு.

ஊறவச்சு, ஒரு சொட்டு எண்ணெய் தடவி, ஈரப் பஞ்சால உருட்டுங்க. ஒரே நாள்ல வராது, பிச்சு இழுக்காதீங்க. நுனி கறுத்துட்டா டாக்டர் வெட்டித்தான் ஆகணும்.

ஏர்வாடி: பெட்டை. ஆண் துணையே இல்ல, ஆனா வயிறு உப்பி மூலையைப் பிறாண்டுது.

ஆண் இல்லாமலும் முட்டை வைக்குங்க. பெரிய ட்ரம்முல ரெண்டடி ஆழத்துக்கு ஈரமான ஆத்துமணலும் செம்மண்ணும் கலந்து போடுங்க. குழி தோண்டினாச் சரியாத பதத்துல இருக்கணும். கடல்மணல் வேண்டாம். முட்டை வராம சோர்ந்து கண்ணை மூடிட்டா தாமதிக்காம டாக்டர்.

ராமேஸ்வரம்: உடும்புதானேன்னு பக்கத்துல பயமுறுத்துறாங்க. தேறினதும் காட்டுல விட்டுறலாமா?

உடும்பு வேற, அதை வளர்த்தா கேஸ். இகுவானா அமெரிக்கக் கண்டத்துப் பிராணி. சைட்ஸ்ங்கிற சர்வதேச வனவுயிர் வணிக ஒப்பந்தப் பட்டியல்ல இருக்கிறதால, 2024 விதிப்படி மத்திய அரசோட பரிவேஷ் இணையதளத்துல பதியணும், கைமாறினாலும் சொல்லணும். வெளிய விடவே கூடாது. ஃப்ளோரிடாவுல அப்படிப் பெருகினதுதான் இன்னைக்கும் அங்க தலைவலி. தொட்டா சோப்புப் போட்டுக் கை கழுவுங்க, அது ஊறின டப்பாவை அடுப்படியில கழுவாதீங்க, வயித்துப்போக்கு உண்டாக்குற சால்மொனெல்லா கிருமி இருக்கும்.

உச்சிப்புளி: எத்தனை நாள்ல தேறும் அண்ணே?

வாராவாரம் ஒரே நேரத்துல சமையல் தராசுல நிறுத்து எழுதுங்க தம்பி. எடை ரெண்டு வாரம் தொடர்ந்து இறங்கினா மறுபடி டாக்டர். எலும்பு இறுக மாசக்கணக்காகும். கோணின தாடை நேராகாது, ஆனா கெட்டியாயிட்டா அதை வச்சே இலையைக் கடிச்சு இழுக்கும். அதுவரைக்கும் பொடியா நறுக்கிப் போடுங்க.