சொருகியே கிடக்கும் டிஸ்க் பேக்அப் ஆகுமா?

வாசகர் கேள்வி-பதில்: தொழில் டேட்டா பாதுகாப்பு

மோட்டார் உதிரிபாக மொத்த வியாபாரம். டேலி ஒரு கம்ப்யூட்டரில் இருக்கிறது. மற்ற மூன்றும் அதோடு இணைந்தவை. தினமும் கடை சாத்துவதற்கு முன் வெளி ஹார்டு டிஸ்கில் பேக்அப் ஆகிறது. டிஸ்க் அதே கம்ப்யூட்டரில் எப்போதும் சொருகியே இருக்கும். வீட்டிலிருந்து கணக்குப் பார்க்க சர்வீஸ் ஆள் வழி செய்து கொடுத்திருக்கிறார். பக்கத்துக் கடையில் ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல்) வந்து எல்லா ஃபைலும் பூட்டிக்கொண்டது. எங்கள் ஏற்பாடு போதுமா?
– ஒரு வாசகர், கோவை

போதாது. ரான்சம்வேருக்கு சி, டி, இ எல்லா டிரைவும் ஒன்றுதான். ஓடுகிற நேரத்தில் எதெல்லாம் கண்ணில் படுகிறதோ அத்தனையையும் பூட்டும். மற்ற மூன்று கம்ப்யூட்டர்களோடு பகிர்ந்த ஃபோல்டரும் தப்பாது. பல ரகங்கள் முதல் வேலையாக விண்டோஸ் தானாக எடுத்துவைத்த பழைய நகல்களை அழித்துவிட்டுத்தான் பூட்டவே தொடங்கும்.

இரண்டு டிஸ்க் வைத்துக்கொள்ளுங்கள். திங்கள், புதன், வெள்ளிக்கு ஒன்று. செவ்வாய், வியாழன், சனிக்கு மற்றது. நகல் ஆகும் சில நிமிடம் மட்டும் சொருகி, உடனே கழற்றிவிட வேண்டும். ஒன்று எப்போதும் வீட்டில் இருக்கட்டும். பஸ்ஸில் தொலைந்தால் அடுத்தவர் திறக்காமலிருக்க பிட்லாக்கர் போடுங்கள் (விண்டோஸ் ப்ரோ பதிப்பில் இருக்கிறது). அதன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். அதே கம்ப்யூட்டரில் சேமித்து வைப்பவர்கள்தான் அதிகம்.

நகல் எடுக்கும்போது நான்கு கம்ப்யூட்டரிலும் டேலி மூடியிருக்க வேண்டும். யாரோ பில் போட்டுக்கொண்டிருக்கும்போது ஃபோல்டரை காப்பி செய்தால் பாதி எழுதிய ஃபைல்தான் கிடைக்கும். டேலிபிரைமில் ஆல்ட்+ஒய் அழுத்தினால் பேக்அப், ரெஸ்டோர் இரண்டும் வரும். மாதம் ஒருமுறை வேறொரு கம்ப்யூட்டரில், புதிதாக உருவாக்கிய காலி ஃபோல்டரில் ரெஸ்டோர் செய்து, கடைசி பில் நம்பரும் டிரையல் பேலன்ஸும் பொருந்துகிறதா என்று பாருங்கள். காலி ஃபோல்டர் என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு: ஓடிக்கொண்டிருக்கும் டேட்டா ஃபோல்டருக்கே ரெஸ்டோர் செய்தால் இன்றைய கணக்கின் மேல் பழைய கணக்கு ஏறி உட்கார்ந்துவிடும். கூகுள் டிரைவில் தானாக ஏறுகிறதே என்பார்கள். பூட்டிய ஃபைலும் தானாகத்தான் ஏறும். முந்தைய பதிப்புகளைத் திரும்ப எடுக்க வழி இருந்தாலும் அதற்கு நாள் கணக்கு உண்டு. மூன்றாவது நகலாக இருக்கட்டும், முதல் நகலாக வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்துவது வீட்டிலிருந்து பார்க்கும் அந்த வழிதான். ரவுட்டரின் செட்டிங் பக்கத்தில் போர்ட் ஃபார்வர்டிங் அல்லது வர்ச்சுவல் சர்வர் என்ற இடத்தைத் திறந்து பாருங்கள். 3389 என்ற எண் இருந்தால் ரிமோட் டெஸ்க்டாப் (வேறிடத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் வசதி) உலகத்துக்கே திறந்து கிடக்கிறது என்று பொருள். அந்தக் கதவைத் தேடி இரவு பகலாக பாஸ்வேர்டு போட்டுப் பார்க்கும் நிரல்கள் இணையம் முழுக்க ஓடுகின்றன. ‘போர்ட்டை 3390 ஆக மாற்றிவிட்டேன், இனி பயமில்லை’ என்று சர்வீஸ் ஆள் சொன்னால் நம்பாதீர்கள். எல்லா எண்ணையும் தட்டிப் பார்க்க அவற்றுக்கு அதிக நேரம் ஆகாது. அந்த வரியை நீக்கச் சொல்லி, விபிஎன் (பூட்டிய தனிப்பாதை) வழியாக மட்டும் உள்ளே வரும்படி அமைக்கச் சொல்லுங்கள். பில் போடும் பையனுக்கு அட்மின் உரிமை வேண்டாம். விண்டோஸ் 10 ஆக இருந்தால், மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஒருவேளை பூட்டிவிட்டால், முதலில் லேன் கேபிளைப் பிடுங்குங்கள். பேக்அப் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் அவசரத்தில் அதே கம்ப்யூட்டரில் டிஸ்கைச் சொருகி அதையும் பலிகொடுத்துவிடாதீர்கள். ஃபார்மேட் செய்யும் முன் ‘நோ மோர் ரான்சம்’ தளத்தைப் பாருங்கள். யூரோபோலும் நெதர்லாந்து போலீஸும் சேர்ந்து 2016-இல் தொடங்கியது. சில ரகங்களுக்கு இலவசத் திறவுகோல் அங்கே கிடைக்கும்.

எங்கள் விடுதியில் விருந்தினரின் ஆதார் படத்தை வாட்ஸ்அப்பில் வாங்குகிறோம். தவறா?
– ஒரு வாசகி, ராமேஸ்வரம்

வாங்கியபின் அது எங்கெல்லாம் தங்குகிறது என்பதுதான் சிக்கல். ரிசப்ஷன் போனின் கேலரி, அங்கிருந்து கூகுள் போட்டோஸ், அப்புறம் பையனின் சொந்தக் கணக்கு. வாட்ஸ்அப்பில் மீடியா விசிபிலிட்டியை (வந்த படத்தை கேலரியில் காட்டும் செட்டிங்) அணைத்துவிடுங்கள். கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைக் கேளுங்கள். 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தகுந்த பாதுகாப்பு செய்யாமல் கசியவிட்டதற்கு 250 கோடி ரூபாய் வரை அபராத வரம்பு இருக்கிறது.

பின்னலாடை ஏற்றுமதி செய்கிறோம். ‘எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது’ என்று நாங்கள் எழுதியதுபோல ஜெர்மனி பையருக்கு மெயில் போயிருக்கிறது. அவர் பணத்தை அந்தக் கணக்குக்கு அனுப்பிவிட்டார். தவறு யார் பக்கம்?
– ஒரு வாசகர், திருப்பூர்

முதலில் பணம். ரீகால் (அனுப்பிய பணத்தைத் திரும்பப் பெறும் கோரிக்கை) கேட்க வேண்டியவர் அனுப்பியவர்தான்; பையர் தன் பேங்குக்கு உடனே சொல்லி, அங்கே போலீஸிலும் புகார் தரட்டும். நீங்கள் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழைத்து, தேசிய சைபர் கிரைம் போர்ட்டலிலும் பதியுங்கள். இத்தகைய ஊடுருவலைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் உத்தரவு.

யார் பக்கம் என்பதை அந்த மெயிலே சொல்லும். பையர் அதை ஃபார்வர்டு செய்தால் தலைப்பு விவரங்கள் (எந்த வழியாக வந்தது என்று மெயிலுக்குள் மறைந்திருக்கும் குறிப்புகள்) போய்விடும்; ஃபைலாக டவுன்லோடு செய்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பியவர் முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ‘எம்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆர்’, ‘என்’ இரண்டையும் ஒட்டிவைத்து டொமைன் (முகவரியில் @-க்குப் பின் வரும் பெயர்) வாங்கியிருப்பார்கள். சின்ன எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். டொமைன் உங்களுடையதாகவே இருந்து, மெயில் அந்த டொமைனிலிருந்துதான் வந்ததா என்று சோதிக்கும் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டும் ‘பாஸ்’ என்று காட்டினால், பெரும்பாலும் ஆள் உங்கள் மெயில்பெட்டிக்குள்தான் உட்கார்ந்திருக்கிறான்.

அப்படியானால் பாஸ்வேர்டு மாற்றுவதோடு நிறுத்தாதீர்கள். ஃபில்டர்களையும் ஃபார்வர்டிங்கையும் திறந்து பாருங்கள். ‘பேமென்ட்’, ‘இன்வாய்ஸ்’ என்ற சொல் வந்தாலே வேறு ஃபோல்டருக்குத் தள்ளும் விதி ஒன்று இருக்கக்கூடும். அவுட்லுக்கில் யாரும் எட்டிப்பார்க்காத ‘ஆர்எஸ்எஸ் ஃபீட்ஸ்’ (RSS Feeds) ஃபோல்டர்தான் அவர்களுக்குப் பிடித்த ஒளிவிடம். பையர் ‘நிஜமாகவே கணக்கு மாறியதா?’ என்று கேட்டு எழுதியது உங்கள் கண்ணில் படாமல் போவது இப்படித்தான். விதியை படம் எடுத்துவைத்துவிட்டு நீக்குங்கள். எல்லாக் கருவியிலிருந்தும் வெளியேற்றி, இருபடிச் சரிபார்ப்பைப் போடுங்கள்.

டிமார்க் (உங்கள் டொமைன் பெயரில் வரும் போலி மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் ஏற்பாடு) போட்டாயிற்றே என்றால், அது ‘நன்’ (none) நிலையில் இருந்தால் வேடிக்கை மட்டுமே பார்க்கும். ‘குவாரன்டைன்’, பிறகு ‘ரிஜெக்ட்’ என்று ஏற்ற வேண்டும். அதுவும் எழுத்து மாற்றிய டொமைனைத் தடுக்காது. பேங்க் விவரம் மாறினால் பழைய ஒப்பந்தத்தில் உள்ள போன் நம்பருக்கு அழைத்துக் கேட்பது என்று பையரோடு பேசி வையுங்கள். மெயிலில் வந்த நம்பருக்கு அழைத்தால் எடுப்பவனும் அவனே.

கணக்குப் பிள்ளை வேலையை விடுகிறார். என்னென்ன பார்க்க வேண்டும்?
– ஒரு வாசகர், மதுரை

டேலி யூசரையும் வைஃபை பாஸ்வேர்டையும் எல்லோரும் மாற்றிவிடுவார்கள். மறப்பது ஜிஎஸ்டி, வருமான வரி, இ-வே பில் தளங்களில் பதிந்திருக்கும் மொபைல் நம்பரை. ஓடிபி அவர் போனுக்கே போய்க்கொண்டிருக்கும். அவர் இருக்கும்போதே உட்கார வைத்து மாற்றுங்கள்; போனபின் ஒவ்வொரு ஓடிபிக்கும் கெஞ்ச வேண்டிவரும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைக் கையில் வாங்குங்கள். கடை வாட்ஸ்அப்பில் லிங்க்டு டிவைசஸ் பட்டியலைப் பார்த்துத் தெரியாததை வெளியேற்றுங்கள். அவருடைய ஆபீஸ் மெயிலை அழிக்காமல் முடக்கி மட்டும் வையுங்கள். நோட்டீஸ் ஏதாவது வந்தால் பழைய கடிதப் போக்குவரத்து அதில்தான் இருக்கும். டேலிவால்ட் (டேலி டேட்டாவை பாஸ்வேர்டு போட்டுப் பூட்டும் வசதி) போட்டிருந்தால் அந்தப் பாஸ்வேர்டை வாங்கி, உங்கள் கையால் ஒருமுறை திறந்து பார்த்த பிறகே செட்டில்மென்ட் கொடுங்கள். அது மறந்தால் மீட்க வழியே கிடையாது.