அப்பா, அம்மாவோடு பார்க்க ரத்தம் இல்லாத க்ரைம் படம்

அறுவடை முடிந்து அசதியாக வரும் அப்பா, அம்மாவோடு உட்கார்ந்து பார்க்க ரத்தம் இல்லாத க்ரைம் படம் கேட்டிருந்தீர்கள். முதலில் 'மரகத நாணயம்' (2017) போடுங்கள். திருட்டுக் கதைதான், ஆனால் செத்தவர் உடம்பில் ஆவி புகுந்து திருட்டுக்கு உதவ வரும். கதாநாயகி ஆண் குரலில் பேசும் இடத்தில் எங்கள் திருவையாற்று வீட்டில் அப்பா கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அடுத்த நாளுக்கு 'சூது கவ்வும்' (2013). ஆள் கடத்தலுக்கு ஐந்து விதி வைத்திருக்கும் கும்பலின் கதை.

மூன்று தொடர் போட்டும் பத்தே நிமிடத்தில் அம்மா எழுந்து போய்விட்டார் என்று எழுதியிருந்தீர்கள். 'க்ரைம் த்ரில்லர்' என்று தேடியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படித் தேடினால் தொடர் கொலைக் கதைகள்தான் முன்னால் வந்து நிற்கும். 'க்ரைம் காமெடி' என்று தேடிப் பாருங்கள்.

அப்புறம், ஓடிடி தளங்களில் படம் தொடங்கும்போது திரை மூலையில் வயதுக் குறியீடும் 'வன்முறை' போன்ற குறிப்பும் வரும். 16+ என்றிருந்தால் விட்டுவிடுங்கள். முதல் பத்து நிமிடத்தை மத்தியானமே நீங்கள் தனியாக ஓட்டிப் பார்த்துவிடுவது இன்னும் நல்லது. அறுவடை முடிந்து அசதியாக உட்காருபவர்களை நடுவில் எழுப்பக் கூடாது.

ஒன்று மட்டும் கவனம். 'கோலமாவு கோகிலா' (2018) எனக்கு மிகவும் பிடித்த படம். ஆனால் அதில் அம்மாவின் புற்றுநோய்ச் சிகிச்சைக்காகத்தான் மகள் போதைப்பொருள் கடத்துகிறாள். வீட்டில் யாருக்காவது அந்த நோய் இருந்தால் இப்போது வேண்டாம். பேயென்றால் பயப்படும் குழந்தை இருந்தால் மரகத நாணயத்தைப் பகலில் போடுங்கள்.