அம்மாவின் ஜிமெயில் நிறைந்துவிட்டது, என்ன செய்வது?

வணக்கம். கைப்பேசியில் அவ்வளவு படங்களை அழித்தும் உங்கள் அம்மாவின் ஜிமெயில் "இடமில்லை" என்றே சொல்கிறது, கிளினிக் மின்னஞ்சலும் வருவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் பொது. கைப்பேசியின் கேலரியில் மட்டும் அழித்திருந்தால் கூகுளில் ஏறிய நகல் அப்படியே இருக்கும். போட்டோஸ் செயலிக்குள் அழித்திருந்தாலும் 60 நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும். முதலில் அதைக் காலி செய்யுங்கள். ஆனால் ஒன்று: அந்தச் செயலியில் அழித்தால் எல்லா இடத்திலும் போய்விடும். பேரப்பிள்ளைகள் படம் ஏதும் இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

அப்புறம் வாட்ஸ்அப். ஆண்ட்ராய்டு என்றால் அதன் காப்புப்பிரதியும் இந்த 15 ஜிபியில்தான் சேரும். தினமும் வரும் காலை வணக்க வீடியோ, போன தீபாவளி வாழ்த்து, எல்லாம் அதில் இருக்கும்! அமைப்புகளில் 'சாட்ஸ்', 'சாட் பேக்கப்' போய், வீடியோக்களைச் சேர்ப்பதை அணைத்துவிட்டு மறுபடி ஒருமுறை பேக்கப் எடுங்கள். பெரும்பாலும் இதுவே போதும்.

போதாவிட்டால் கணினியில் ஜிமெயிலைத் திறந்து, தேடல் பெட்டியின் வலது ஓரச் சின்னத்தைத் தட்டி, 10 எம்பிக்கு மேற்பட்ட மின்னஞ்சல்களைத் தேடி அழியுங்கள். அங்கேயும் குப்பைத்தொட்டி உண்டு, மறக்காதீர்கள்.

காசு கட்டி இடம் வாங்க இப்போதைக்கு அவசியமில்லை. நிறைந்திருந்தபோது வந்தவை அனுப்பியவருக்கே திரும்பியிருக்கும்; கிளினிக்கில் சொல்லி மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.