ஒரு வலை, மூன்று பந்து, 42 பிள்ளைகள்: வாலிபாலுக்கு மதிப்பெண் போடுவது எப்படி?

கேள்வி: தேவகோட்டை பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் 42 பிள்ளைகள். இருப்பது ஒரு வலை, மூன்று பந்து, 40 நிமிட வகுப்பு. வாலிபால் திறனுக்கும் குழு ஆட்டத்துக்கும் சேர்த்து 20 மதிப்பெண் போட வேண்டும். ஊர் டீமில் ஆடும் நாலைந்து பையன்கள் ஸ்மாஷ் அடித்தே முழு மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். போன முறை ஒரு மாணவியின் அம்மா வந்து, "எம்பொண்ணுக்கு எதை வச்சு டீச்சர் 11 போட்டீங்க?" என்று கேட்டார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. குழு ஆட்டத்தை எப்படி அளப்பது?

பதில்: டீச்சர், அந்த அம்மாவின் கேள்வி நியாயமானது. பதில் சொல்லக் கையில் ஒரு தாள் இருந்திருந்தால் போதும், அவ்வளவுதான். அந்தத் தாளை எப்படித் தயார் செய்வது என்று பார்ப்போம்.

வாலிபாலில் பந்தைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. பிளாக் செய்த பிறகு (எதிரணி அடிக்கும் பந்தை வலையோரம் கையுயர்த்தித் தடுத்த பிறகு) தொடுவதைத் தவிர, ஒருவரே தொடர்ந்து இரண்டு முறை தொடவும் கூடாது. ஊர் டீமின் அந்தப் பையன் ஸ்மாஷ் அடிக்கிறான் என்றால், அதற்கு முன்னால் ஒருத்தி சர்வீஸை எடுத்திருக்கிறாள், இன்னொருத்தன் தூக்கிக் கொடுத்திருக்கிறான். நம் கண் கடைசி அடியில் போய் நின்றுவிடுகிறது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படித்தான் ஒரு பையனுக்கு 18 போட்டேன். அவனுக்குப் பந்து எடுத்துக் கொடுத்த பெண்ணுக்கு 9. அடுத்த வாரம் அவள் வரவில்லை. அந்தப் பையனின் குழுவுக்கு ஆறு ஆட்டத்தில் ஒரு ஸ்மாஷ்கூட ஒழுங்காக விழவில்லை. அந்த 9 இன்னும் எனக்கு உறுத்துகிறது.

நம் ஊர்க் கல்யாணப் பந்தியை நினைத்துப் பாருங்கள். சோறு வைப்பவர் நகர்ந்ததும் குழம்பு வாளியோடு அடுத்தவர் அந்த இலைக்கு வந்திருக்க வேண்டும். சோற்றை எவ்வளவு அழகாக வைத்தார் என்பதை மட்டும் பார்த்துப் பந்தியை யாரும் எடை போடுவதில்லை. ஆட்டத்திலும் பந்து கையில் இல்லாத நேரத்தில் பிள்ளை என்ன செய்கிறது என்பதுதான் நீங்கள் பார்க்க வேண்டியது.

என் யோசனை: தனித்திறனுக்கு 8, ஆட்டத்துக்குள் 12. பலர் இதைத் தலைகீழாகப் போடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. சுவரில் நூறு முறை தட்டத் தெரிந்த பிள்ளை ஆட்டத்தில் மரம் போல நிற்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தனித்திறனைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஆளுக்கு 5 சர்வீஸ், மொத்தம் 210. ஒன்றுக்குப் பத்து விநாடி என்றாலும் 35 நிமிடம், ஒரு வகுப்பில் முடியும். கீழிருந்து அடிக்கும் சர்வீஸ் போதும், மேலிருந்து அடித்தால் கூடுதல் மதிப்பெண் வேண்டாம். எதிர்க்களத்தின் பின்பாதியில் விழுந்தால் 2, முன்பாதியில் விழுந்தால் 1. அதிகபட்சம் வரும் 10-ஐ மூன்று மதிப்பெண்ணாகச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது செட்டிங், அதாவது அடிப்பவருக்காகப் பந்தை விரல்களால் மேலே தூக்கிக் கொடுப்பது. இதற்கு, உடற்கல்விப் பட்டமான பி.பி.எட். படிக்கும்போது நீங்கள் படித்த பிராடி டெஸ்ட் நினைவிருக்கும். சுவரில் பதினொன்றரை அடி உயரத்தில் ஐந்தடி நீளக் கோடு, ஒரு நிமிடத்தில் எத்தனை முறை அதற்கு மேல் தட்டுகிறோம் என்ற கணக்கு. அது 1945-ல் கல்லூரி ஆண்களுக்காக வகுத்தது. நம் பிள்ளைகளுக்குக் கோட்டை எட்டடிக்கு இறக்கி, அரை நிமிடம் வைத்தால் போதும். இதற்கு 2.

மீதி 3 அண்டர்ஹேண்ட் பாஸுக்கு, அதாவது இரண்டு முன்கையையும் சேர்த்துப் பந்தை எடுத்துக் கொடுப்பதற்கு. வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை நிலையான ஒரு பிள்ளை ஒரே இடத்தில் நின்று பந்தைத் தூக்கிப் போடட்டும். வலையோரம் செட்டர் நிற்கும் இடத்தில் ஒரு பழைய சைக்கிள் டயரைப் போட்டு அதற்குள் ஒருவரை நிறுத்துங்கள். அவர் நகராமல் தலைக்கு மேல் வாங்கினால் 3, இரண்டடி வைத்து வாங்கினால் 2, ஓடிப்போய் எப்படியோ தொட்டால் 1, யாருக்கும் எட்டாவிட்டால் 0. இந்த 3-2-1-0 கணக்கைப் பெரிய அணிகளும் வைத்திருக்கின்றன. ஆட்டத்துக்குள்ளும் இதே கணக்கு உதவும், கையோடு பழக்கிவிடுங்கள்.

இதில் நம் மண்ணே ஓர் உதவி செய்கிறது. செம்மண் மைதானத்தில் உருண்ட பந்து முன்கையில் சிவப்புத் தடம் பதிக்கும். ஐந்து பாஸ் முடிந்ததும் இரண்டு கையையும் சேர்த்து நீட்டச் சொல்லுங்கள். மணிக்கட்டுக்கு மேல் மூன்று நான்கு விரல்கடை தள்ளி, இரண்டு கையிலும் சமமாகத் தடம் இருந்தால் பந்து சரியான இடத்தில் பட்டிருக்கிறது. கட்டைவிரலிலும் முஷ்டியிலும் மட்டும் சிவந்திருந்தால் பிள்ளை பந்தைக் குத்துகிறது. ஒரு கையில் மட்டும் என்றால் பந்துக்கு நேரே கால் போகவில்லை, நின்ற இடத்திலிருந்தே கையை நீட்டுகிறது. எங்கே தப்பு என்று பிள்ளையே பார்த்துத் தெரிந்துகொள்ளும். வேர்வையில் தடம் கலைவதற்குள் பார்த்துவிட வேண்டும்.

சரி, இனி 12 மதிப்பெண்.

முதலில் பந்து வலைக்கு இருபுறமும் போய் வர வேண்டும். சர்வீஸ், தரை, சர்வீஸ், தரை என்று போனால் குழு ஆட்டம் என்று பார்க்க எதுவுமே இருக்காது. பெரியவர்களுக்கு வலை ஆண்கள் ஆட்டத்தில் 2.43 மீட்டர், பெண்கள் ஆட்டத்தில் 2.24. உங்கள் வகுப்புக்கு 2.24-க்கும் ஒரு சாண் கீழே கட்டுங்கள். சர்வீஸுக்குப் பதிலாக நீங்களே பந்தை உள்ளே போட்டு ஆட்டத்தைத் தொடங்கி வையுங்கள். சர்வீஸைத்தான் ஏற்கெனவே அளந்தாயிற்றே. ஆறு பேர் கொண்ட ஏழு குழுக்கள் வரும். ஊர் டீம் பையன்களைக் குழுவுக்கு ஒருவராகப் பிரியுங்கள். ரொட்டேஷனில், அதாவது வரிசையாக இடம் மாறி நிற்பதில், கண்டிப்பாக இருங்கள். வலையோரம் நிற்பதும் பின்னால் நிற்பதும் எல்லோருக்கும் வர வேண்டும். வெற்றி தோல்விக்கு மதிப்பெண் கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

12 பேர் ஆடும்போது 12 பேர் வெளியே அட்டையோடு உட்காரட்டும். ஒருவர் ஒருவரை மட்டும் பார்க்க வேண்டும். உயிர்த்தோழிகளை ஜோடி சேர்க்காதீர்கள். மற்ற 18 பேர் மீதி இரண்டு பந்தோடு சுவரோரம் பயிற்சி செய்யலாம். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மாற்றினால், நான்கு வகுப்பில் எல்லோரும் இரண்டு முறையாவது ஆடியிருப்பார்கள்.

அட்டையில் மூன்றே விஷயம், ஒவ்வொன்றுக்கும் 4 மதிப்பெண். முதலாவது, குரல். இரண்டு பேருக்கு நடுவில் வரும் பந்து பள்ளி ஆட்டங்களில் நிறையப் புள்ளிகளைத் தின்கிறது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க, பந்து நடுவில் விழும். அந்த நொடியில் "எனக்கு" என்றோ "விடு" என்றோ குரல் வந்ததா? இரண்டாவது, துணை. கூட்டாளி அடிக்கப் போகும்போது, பிளாக்கில் பட்டுத் திரும்பும் பந்துக்காகக் குனிந்து பின்னால் நின்றதா? தன் வேலை முடிந்ததும் தன் இடத்துக்குத் திரும்பியதா? மூன்றாவது, முடிவு. பந்து வந்ததும் செட்டருக்குக் கொடுக்கப் பார்த்ததா, கண்ணை மூடிக்கொண்டு எதிர்ப்பக்கம் தள்ளியதா? அடுத்தவர் "எனக்கு" என்று கத்திய பிறகும் புகுந்து பிடுங்கினால் அதைத் தப்பான முடிவாகக் கணக்கில் வைக்க வேண்டும். உங்கள் ஸ்மாஷ் பையன்களுக்கு இங்கேதான் மதிப்பெண் இறங்கும். அடுத்த முறை அவர்களே திருந்துவார்கள்.

முக்கியமான விஷயம், செய்ததை மட்டும் எண்ணாதீர்கள். வாய்ப்பையும் எண்ணுங்கள். அட்டையில் இரண்டு பத்தி: வாய்ப்பு, செய்தது. ஒரு பையனுக்கு 12 வாய்ப்பு வந்து 6 முறை செய்தான். ஒரு பெண்ணுக்கு 4 வாய்ப்புதான் வந்தது, 3 முறை செய்தாள். கோடுகளை மட்டும் எண்ணினால் பையன் முன்னால் நிற்பான். வாய்ப்போடு பார்த்தால் அவனுக்கு 4-க்கு 2, அவளுக்கு 3. பந்து அதிகம் வராத இடத்தில் நிற்கும் அமைதியான பிள்ளைகளுக்கு நியாயம் கிடைக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை. 1998-ல் ஆஸ்லின், மிட்செல், கிரிஃபின் என்ற மூவர் வெளியிட்ட ஆட்டத்திறன் மதிப்பீட்டுக் கருவியின் அடிப்படையும் இதுதான். அதில் ஏழு கூறுகள் உண்டு. அத்தனையையும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் அட்டையில் ஏற்றினால் அது ஆட்டத்தைப் பார்க்காது, அட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

பிள்ளைகள் போட்ட கோடு சரியா என்ற சந்தேகம் வரும். ஒவ்வொரு ஆட்டத்திலும் நீங்களும் இரண்டு பேரை எண்ணி, அவர்களுடைய அட்டையோடு ஒப்பிடுங்கள். இரண்டு கோட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் அட்டை வைத்திருக்கும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து ஐந்து நிமிடம் சேர்ந்து எண்ணுங்கள். மதிப்பெண்ணாக மாற்றுவதை நீங்களே செய்யுங்கள்.

இரண்டு விஷயங்களுக்கு மதிப்பெண் வேண்டாம் என்பேன். கை தட்டுவது, தோளில் தட்டிக் கொடுப்பது நல்லதுதான். ஆனால் அதற்கு மதிப்பெண் என்று தெரிந்தால் பந்து விழும் முன்பே கை தட்ட ஆரம்பித்துவிடுவார்கள். இன்னொன்று, பாய்ந்து விழுந்து பந்து எடுப்பது. நம் பக்கத்துச் சரளை மண்ணில் பாதிப் பிள்ளைகள் வெறுங்காலோடு ஆடுகிறார்கள். முழங்கால் தோலுக்கு மதிப்பெண் கொடுக்க நமக்கு உரிமை இல்லை. அப்புறம், ஒரு குழுவைக் காலை முதல் வகுப்பிலும் இன்னொன்றைப் பங்குனி வெயிலில் மதியத்திலும் ஆட வைத்து அளக்காதீர்கள். மண் சுடும்போது யாரும் தன் இடத்துக்குத் திரும்பி ஓட மாட்டார்கள்.

அடுத்த முறை அந்த அம்மா வந்தால், அட்டையை அவர் கையிலேயே கொடுங்கள். "நடுவில் வந்த எட்டு பந்துக்கு உங்க பொண்ணு ரெண்டு தடவைதான் குரல் கொடுத்திருக்கா. ஆனா பாஸ் பாருங்க, அஞ்சுல நாலு நேரா செட்டர் தலைக்குப் போயிருக்கு. வீட்டுல தம்பிகூட ஆடும்போது 'எனக்கு'ன்னு சத்தமா கத்திப் பழகச் சொல்லுங்கம்மா" என்று சொல்லுங்கள். அந்த அட்டையின் இன்னொரு நகலைப் பெண்ணின் கையிலும் கொடுத்துவிடுங்கள்.